பஸ் ஓடாத 52 நாட்கள்

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 5. சனிக்கிழமை. தெலுங்கானா மாநிலம் முழுவதும் அரசு பஸ்கள் நின்று போயின.

தசராவுக்கு மூன்றே நாள் இருந்தது. தெலுங்கானாவில் தசரா என்றால் ஊருக்குப் போகும் பண்டிகை. ஐதராபாத்தில் கட்டட வேலை செய்பவர், வீட்டு வேலை செய்யும் பெண், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, எல்லோரும் மூட்டை கட்டுவார்கள். பெண்கள் பூக்களைக் கோபுரம் போல அடுக்கி, சுற்றி நின்று பாடும் பதுக்கம்மா பண்டிகையும் அதே நாட்களில்தான் வரும். அந்த நேரம் பார்த்து பஸ் இல்லை. பஸ் நிலையத்துக்கு வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அங்கே அரசு போக்குவரத்துக் கழகத்தை ஆர்.டி.சி. என்பார்கள். சுமார் 48,000 பேர் அதில் வேலை செய்தார்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், டிப்போவில் பஸ்ஸைப் பழுது பார்க்கும் தொழிலாளர்கள். பஸ்கள் 10,000-க்கு மேல் இருந்தன. அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு வாரத்தில் முடியவில்லை. ஒரு மாதத்திலும் முடியவில்லை. 52 நாட்கள் நடந்தது.

பஸ் ஓட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா? அவர்களுக்கு அந்த உரிமை உண்டா? இருக்க வேண்டுமா?

யாருக்குக் கஷ்டம்?

பஸ் நின்றால் பஸ் ஸ்டாப்பில் என்ன பேசுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். “மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை? சாவது நாம்தானே!” இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பணம் உள்ளவர் காரில் போய்விடுவார். பஸ்ஸை நம்பி இருப்பவர் கூலிக்காரர். ஒரு நாள் பஸ் இல்லை என்றால் அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஆட்டோவில் இரண்டு மடங்கு கேட்பார்கள். கத்தரிக்காய்க் கூடையோடு நிற்கும் அம்மாவுக்குச் சந்தை தவறிப்போகும். சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருக்கிறார். அவரால் “நாளைக்குப் போகலாம்” என்று இருக்க முடியாது.

தெலுங்கானாவில் பள்ளிகளுக்குத் தசரா விடுமுறையை அக்டோபர் 19 வரை நீட்டினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வர பஸ் இல்லை என்பதுதான் காரணம். தற்காலிக டிரைவர்களை வைத்துச் சில பஸ்களை அரசு ஓட்டியது. அது போதவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு நூல் மில்லில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினால் நூல் உற்பத்தி நிற்கும். முதலாளிக்கு நஷ்டம். அதனால் அவர் பேச வருவார். பஸ் விஷயம் அப்படி இல்லை. இங்கே முதலாளி அரசாங்கம். ஓடாத பஸ்ஸுக்கு டீசல் செலவு இல்லை. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளமும் கொடுப்பதில்லை. டிக்கெட் வசூல் போகிறது, உண்மைதான். ஆனால் பஸ் நின்றதும் முதல் அடி விழுவது பயணியின் முதுகில். அரசுக்கு மெதுவாகத்தான் உறைக்கும். பஸ் ஸ்டிரைக் நீண்டுகொண்டே போவதற்கு இது ஒரு காரணம்.

அவர்கள் கேட்டது என்ன?

ஆர்.டி.சி. தொழிலாளர்கள் 26 கோரிக்கைகள் வைத்தார்கள். சம்பளத்தை உயர்த்த வேண்டும், காலியாக உள்ள வேலைகளுக்கு ஆள் எடுக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. ஆள் குறைவாக இருந்தால் இருக்கிறவர்கள் தலையில்தான் கூடுதல் டூட்டி விழும். தூக்கம் இல்லாத டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் போகிறவரும் பயணிதான். எனவே இதைப் பஸ்காரர்களின் சொந்த விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

கழகத்தை அரசோடு சேர்த்து, தங்களை அரசு ஊழியர்களாக்க வேண்டும் என்பதே முக்கியமான கோரிக்கை. முதலமைச்சர் சந்திரசேகர ராவ் அது முடியாது என்றார். மாலை 6 மணிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று கெடு வைத்தார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர். திரும்பாதவர்கள் தங்களைத் தாங்களே வேலையை விட்டு நீக்கிக்கொண்டார்கள் என்று அரசு சொன்னது. விசாரணை இல்லை, குற்றப் பத்திரிகை இல்லை. கிட்டத்தட்ட 48,000 பேருக்கு ஒரே வார்த்தையில் வேலை போனது.

அந்தத் தொழிலாளர்கள் செப்டம்பர் மாதம் முழுவதும் வேலை செய்திருந்தார்கள். அந்தச் சம்பளமும் கைக்கு வரவில்லை. வீட்டு வாடகை, பால் கணக்கு, பிள்ளைகளின் பீஸ் எல்லாம் நின்றன. கம்மத்தில் ஒரு டிரைவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பஸ் ஸ்டாப்பில் தவித்தவரும் ஏழை. டிப்போ வாசலில் உட்கார்ந்திருந்தவரும் ஏறக்குறைய அவர் நிலைமையில்தான் இருந்தார்.

சட்டம் சொல்வது

நம் அரசியல் சட்டம் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அதற்குள் அடங்குமா? அடங்காது என்று 1962-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதாவது வேலைநிறுத்தம் என்பது அடிப்படை உரிமை அல்ல. ஆனால் தொழில் சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது. விதிகளின்படி நடத்தினால் அது குற்றம் இல்லை.

அந்த விதிகள் எவை? முன்பு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் இருந்தது. 2019-இல் தெலுங்கானாவுக்கும் அதுதான் சட்டம். இப்போது அது இல்லை. 2020-இல் இயற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. இதன்படி வேலைநிறுத்தம் செய்யும் முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 14 நாட்கள் கழியும் முன் வேலையை நிறுத்தக் கூடாது. நோட்டீஸ் 60 நாட்கள் வரைதான் செல்லும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்த பின் 7 நாட்களுக்கும் வேலைநிறுத்தம் கூடாது. சமரசம் என்றால் தொழிலாளர் துறை அதிகாரி இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். விதியை மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

பழைய சட்டத்தில் இந்த நோட்டீஸ் விதி பஸ், ரயில், தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. இப்போது எல்லாத் தொழில்களுக்கும் உண்டு.

அரசு ஊழியர்களின் நிலைமை வேறு. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 1,70,000 பேரை அரசு வேலையை விட்டு நீக்கியது. வழக்கு டெல்லி வரை போனது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2003 ஆகஸ்டில் கூறியது. நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு மன்னிப்புக் கேட்டு வேலைக்குத் திரும்பினார்கள். தெலுங்கானாத் தொழிலாளர்கள் கேட்டது நினைவிருக்கிறதா? எங்களை அரசு ஊழியர்களாக்குங்கள் என்றார்கள். வேலைநிறுத்தம் செய்து, வேலைநிறுத்தம் செய்ய முடியாத வேலையைக் கேட்டார்கள். அரசு வேலையின் பாதுகாப்பு அவர்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

நோட்டீஸ் நாட்கள்

14 நாள் நோட்டீஸ் எதற்கு? அந்த நாட்களில் பேசித் தீர்ப்பதற்கு. பஸ் நிற்காமலே முடிப்பதற்கு. விதி நல்ல விதிதான். ஆனால் அந்த நாட்களில் நடப்பது என்ன?

தெலுங்கானாவில் சங்கங்கள் செப்டம்பரிலேயே நோட்டீஸ் கொடுத்துவிட்டன. சங்கங்களோடு பேசுவதற்கு அரசு மூன்று மூத்த அதிகாரிகளைக் கொண்ட குழுவை அமைத்தது எப்போது? அக்டோபர் 1-ஆம் தேதி. ஸ்டிரைக்குக்கு நாலு நாள் முன்னால். 26 கோரிக்கைகளை நாலு நாளில் பேசித் தீர்க்க முடியுமா? சங்கங்கள் மேலும் குறை உண்டு. பண்டிகைக்கு முந்திய நாளாகப் பார்த்து அவர்கள் தேதி குறித்தார்கள். அரசு அசையும் என்பது கணக்கு. அரசு அசையவில்லை. ஊருக்குப் போக முடியாமல் போனது கூலிக்காரர்கள்தான்.

வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. கூப்பிட்டுப் பேசுங்கள் என்று நீதிபதிகள் அரசிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பலன் இல்லை. கடைசியில் நவம்பர் 18 அன்று விஷயத்தைத் தொழிலாளர் துறை ஆணையரிடம் அனுப்பினார்கள். அந்த ஆணையரும் அதே அரசின் அதிகாரிதானே! முதலாளி, சமரசம் பேசுகிறவர் இரண்டுமே அரசு. பஸ், ரயில் தொழிலாளர்களுக்கு இருக்கும் தனிச் சிக்கல் இது.

நவம்பர் 25-இல் சங்கங்கள் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டன. மறுநாள் டிப்போவுக்குப் போனவர்களை உள்ளே விடவில்லை. நவம்பர் 29 அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தார்கள். டிசம்பரில் பஸ் கட்டணம் உயர்ந்தது. நடந்து தவித்த பயணியே அதையும் கொடுத்தார்.

அந்த முக்கியமான கோரிக்கை என்ன ஆனது? பக்கத்து ஆந்திராவில் 2020 ஜனவரி 1 முதல் பஸ் தொழிலாளர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். தெலுங்கானாவிலும் 2023 ஆகஸ்டில், தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, அதற்கான மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கொண்டுவந்தது அதே சந்திரசேகர ராவ் அரசு. 2019-இல் முடியவே முடியாது என்றது 2023-இல் மசோதாவாக நிறைவேறியது. அப்படியானால் 2019 செப்டம்பரில் உட்கார்ந்து பேசியிருக்கலாமே?

இது புதிய கதை அல்ல. 1974 மே 8 அன்று நாடு முழுவதும் ரயில்வே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சுமார் 17 லட்சம் பேர். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைவர். பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே மே 2-இல் அவரைக் கைது செய்தார்கள். இன்ஜின் ஓட்டுகிறவர்கள் 12 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்தார்கள். அவர்கள் கேட்டது 8 மணி நேர வேலை. எல்லோரும் கேட்டது போனஸ். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். குடும்பங்களை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றினார்கள். 20 நாளில், மே 27-இல், ஒன்றும் கிடைக்காமல் வேலைநிறுத்தம் முடிந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1979-இல், அதே போனஸ் வந்தது.

இரண்டு இடத்திலும் கோரிக்கை கொடுக்க முடியாத ஒன்றாக இருக்கவில்லை. எனவே பஸ், ரயில் தொழிலாளர்களின் வேலைநிறுத்த உரிமையைப் பறித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. உரிமை இல்லை என்றால் அந்த 14 நாளில்கூட யாரும் அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். உரிமை இருக்க வேண்டும். நோட்டீஸ் நாட்களில் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கும் இருக்க வேண்டும்.

சரி, பேசியும் தீரவில்லை, வேலைநிறுத்தம் வந்துவிட்டது. பயணி என்ன செய்வார்? இத்தாலி நாட்டில் 1990-இல் இதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். அங்கே பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம். ஆனால் ஜனங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் காலை நேரத்திலும், திரும்பும் நேரத்திலும் பஸ் ஓட வேண்டும். மற்ற நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எந்த ஊரில் எந்த நேரம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் போன்ற பெரிய விடுமுறை நாட்களில் வேலைநிறுத்தம் வைக்க முடியாது. அங்கேயும் ஜனங்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் எந்தப் பஸ் வரும், எது வராது என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும்.

நம் நாட்டில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. உங்கள் மையத்தில் இதைப் பேசிப் பாருங்கள். உங்கள் ஊருக்கு ஒரு நாளில் எத்தனை டிரிப் பஸ் வருகிறது? வேலைநிறுத்த நாளில் நாலு டிரிப் மட்டும் உண்டு என்றால் எந்த நாலு வேண்டும்? கூலி வேலைக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர் எல்லோரையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் பஸ் ஓட்டும் டிரைவரிடமும் அந்தத் தாளைக் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.