கருவிழி ஓரத்தில் இருக்கிறது மருந்து

தாயத்தில் ஸ்டெம் செல் இல்லை

“தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்துக் கட்டினார்களே நம் முன்னோர், அதுதான் இன்றைய ஸ்டெம் செல்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவ்வப்போது சுற்றுகிறது. வழக்கம் உண்மை, மருத்துவம் பொய். புதுச் செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல் உயிரோடு இருந்தால்தான் பயன்படும். காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட மிஞ்சாது. கொடியின் ரத்தத்தைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி வரை குளிர்வித்துத்தான் பாதுகாக்கிறார்கள்.

வேண்டாம் என்று நாம் ஒதுக்குவதில் மருந்து இருக்கிறது என்பது மட்டும் சரி. ரத்த நோய்களுக்கு ஸ்டெம் செல் எடுக்க எலும்பு மஜ்ஜைதான் பழைய வழி, வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே அந்த மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. 1988-ல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு, அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார்கள். பிறகு வயிற்றுக் கொழுப்பு, விழுந்த பால் பல், மாதவிடாய் ரத்தம் என்று ஸ்டெம் செல் கிடைக்கும் இடங்களின் பட்டியல் நீண்டது. இவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வு நிலையிலேயே நிற்கின்றன. நம் பக்கத்துக்கு உடனே உதவக்கூடியது கண் சிகிச்சை.

சுண்ணாம்பும் பட்டாசும்

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் கையில் வைத்து அழுத்துவார்கள். அது பீய்ச்சியடித்துக் கண்ணில் விழும். சுண்ணாம்பு காரம், மேலோடு நிற்காமல் உள்ளே இறங்கி எரிக்கும். பக்கத்திலேயே சிவகாசி இருப்பதால் பட்டாசுக் காயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிழியின் மேல்தோல் ஏழெட்டு நாளில் உதிர்ந்து புதிதாகிறது. புதுத் தோலைத் தருவது கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் வளையத்தில் உள்ள ஸ்டெம் செல்கள். வளையம் வெந்துபோனால் வெள்ளை விழியின் சவ்வும் ரத்தக் குழாய்களும் வேலி உடைந்த தோட்டத்தில் ஆடு நுழைவதுபோலக் கருவிழிமேல் ஏறிவிடும், பார்வை மங்கும். “கண் தானமாக வந்த கருவிழியை வைத்தால் சரியாகாதா?” என்று கேட்பார்கள். வெறும் கருவிழியை வைத்தால் நிலைக்காது. மூடிக்கொள்ளப் புதுத் தோல் வேண்டுமே.

இதற்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் வீரேந்தர் சங்வானும் குழுவினரும் ஓர் எளிய வழி கண்டு 2012-ல் வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் வளையத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீள அகலத்துக்கு ஒரு துணுக்கு எடுப்பார்கள். பத்துத் துண்டுபோல நறுக்குவார்கள். கெட்ட கண்ணில் ஏறிய சவ்வைச் சுரண்டிவிட்டு, கருவிழிமேல் ஒரு மெல்லிய படலத்தை விரித்து, துண்டுகளைப் பசையால் ஒட்டுவார்கள். அவை அங்கேயே பரவி வளரும். முன்பெல்லாம் இதை ஆய்வுக்கூடத்தில் இரண்டு வாரம் வளர்க்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு போயிற்று. 2016-ல் வெளியான ஆய்வில் 125 பேரில் 76 சதவீதத்தினருக்குப் பலன் நிலைத்தது.

அந்த மெல்லிய படலம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பனிக்குடத்திலிருந்து. பிரசவம் முடிந்ததும் நஞ்சுக்கொடியோடு மஞ்சள் பையில் கழிவாகப் போகும் அதே உறைதான். தாயின் சம்மதத்தோடு சிசேரியனில் எடுத்து, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இல்லை என்று பார்த்து, பக்குவப்படுத்தி வைக்கிறார்கள்.

இரண்டு கண்ணும் போனவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கத் தோலே உதவும். ஜப்பானின் ஒசாகாவில் அதை வளர்த்துக் கண்ணில் பொருத்தி 2004-ல் பலன் காட்டினார்கள். கருவிழி வளையத்து ஸ்டெம் செல்களை அடையாளம் காண்பதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வும் முக்கியமானது.

பணம் கட்டுமுன்

குழந்தையின் கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் அதே குழந்தைக்காகச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. தலசீமியா போன்ற பரம்பரை நோய் வந்தால், அந்தக் கோளாறு சேமித்த ரத்தத்திலும் இருக்கும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. “ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லி யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். முறையான ஆராய்ச்சியில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால்

அந்த நிமிடமே இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள், குறைந்தது இருபது நிமிடம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய் எதுவும் வேண்டாம். கசக்கவும் கூடாது. பிறகு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும் துகளை அங்கே எடுப்பார்கள். மதுரைக்கு அனுப்பினால் இரண்டு மணி நேரப் பயணம், தள்ளிப்போட வேண்டாம். ஸ்டெம் செல் அறுவை சிகிச்சையை அன்றே செய்ய மாட்டார்கள். கண்ணின் சிவப்பும் வீக்கமும் அடங்கச் சில மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான்.