தாத்தா வீட்டு லட்சுமி என்ன விலை?

"பதினாறு கோடிடா!" என்றபடி அண்ணன் பேப்பரை மடியில் போட்டபோது, அடுத்த தெரு விசைத்தறிகூட ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது எனக்கு. (நிஜமாகவே நின்றுதான் போயிருந்தது. கரண்ட் கட்!)

2019 மார்ச் கடைசி. பொதட்டூர்பேட்டையில் எங்கள் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கக் கூடியிருந்தோம். அப்பா காலமாகி வருஷம் திரும்பிவிட்டது. அப்பாவின் பங்குக்கு அண்ணனும் நானும், அடுத்த பங்குக்குச் சித்தப்பா, மூன்றாவது பங்குக்கு அத்தை. பின்கட்டு அத்தைக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது. கணவர் போன பிறகு முப்பது வருஷமாக அத்தை அங்கேதான் இருக்கிறாள். பீரோவுக்கு ஒரு சண்டை, அண்டாவுக்கு ஒரு சண்டை, தாத்தாவின் பித்தளைச் சொம்புக்கு இரண்டு சண்டை எல்லாம் முறைப்படி நடந்து முடிந்திருந்தன. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த எட்டுப் படங்களை மட்டும் யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 'கரையான் அரிச்சது, எவன் தூக்கினு போவான்?' என்பதுதான் அதுவரை நிலவரம்.

அந்தப் பேப்பர் செய்தி வந்ததும் எட்டுப் பேரும் (குழந்தைகளைச் சேர்த்து) தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தோம். லட்சுமி தாமரையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாலையோடு யானை. படத்தை வரைந்தவர் ராஜா ரவிவர்மா என்று எங்கள் தாத்தா வாய் ஓயாமல் சொன்ன அதே லட்சுமி!

தாத்தா நூல் வியாபாரி. பாவு நூல் விஷயமாக மெட்ராஸ் போகும்போதெல்லாம் ஒரு படம் வாங்கிவருவார். பாட்டி ஜாக்கெட் துணி கேட்டால் சரஸ்வதி வந்து இறங்குவாள். மனுஷர் கலெக்டர் உத்தியோகம் பார்க்கவில்லையே தவிர, 'கலெக்டர்'தான்!

சரி, பேப்பரில் வந்தது என்ன? அந்த மார்ச் 26-ம் தேதி மும்பையில் ஒரு ஏலம் நடந்தது. வங்கி மோசடி வழக்கில் நாட்டை விட்டுப் போன வைர வியாபாரி நீரவ் மோடி சேர்த்து வைத்திருந்த ஓவியங்களை, வரி பாக்கிக்காக வருமான வரித்துறை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. சாஃப்ரன்ஆர்ட் என்ற நிறுவனம் ஏலம் போட்டது. 68 படைப்புகள். மொத்த விற்பனை 59 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ரவிவர்மா வரைந்த ஒரு படம் 16.10 கோடி. 1880-ல் மெட்ராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு திருவனந்தபுரம் வந்தபோது திருவிதாங்கூர் மகாராஜாவும் தம்பியும் வரவேற்கும் காட்சி அது. நம்ம பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் கொடுத்தாரே, அதே பிரபுதான். கால்வாயை நாம் என்ன கதிக்கு ஆக்கி வைத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

அந்த ஏலத்திலேயே அதிக விலைக்குப் போனது ரவிவர்மா இல்லை. வி.எஸ்.கெய்தொண்டே 1973-ல் வரைந்த, தலைப்புகூட இல்லாத படம். 25.24 கோடி! 'அதுல என்ன இருக்கு?' என்று அண்ணன் கேட்டான். பேப்பரில் போட்டிருந்த சின்னப் படத்தைப் பார்த்து நானும் அதையேதான் கேட்டேன்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரவிவர்மா படத்துக்கு ஏலக்காரர் சுத்தியலைத் தட்டியது 14 கோடியில். அதற்கு மேல் பதினைந்து சதவிகிதம் ஏலக் கம்பெனிக்கு வாங்குகிறவர் தரும் கமிஷன். அதைச் சேர்த்துத்தான் 16.10. நம்ம ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற தரகருக்கும் கமிஷன் உண்டு. என்ன, அவருக்குக் கோட்டு கிடையாது.

இன்னொன்று. ரவிவர்மாவின் ஓவியத்தை வாங்கியவர் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அவர் படைப்புகள் 'கலைப் பொக்கிஷம்'. தாகூர், அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் என்று ஒன்பது பேருக்கு இந்த மரியாதை. மரியாதை என்றாலும் விலைக்கு அது ஒரு பூட்டு. லண்டன்காரன் கையைத் தூக்க மாட்டானே! ஏலத்தில் எத்தனை கை தூக்குகிறது என்பதுதானே எல்லாம்.

அதை எங்கள் கூடத்திலேயே அன்று சாயங்காலம் பார்த்தேன்.

"சென்னைக்கு எத்துனு போய் வித்துட்டு வந்து பிரிச்சிக்கலாமே" என்றாள் அண்ணி.

"யாரு எத்துனு போறது?" என்றார் சித்தப்பா. யாரும் பதில் சொல்லவில்லை. கோடி என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு ரத்த பந்தமாவது ஒன்றாவது! "இங்கியே ஏலம் வுட்டுடலாம். எடுக்கறவன் எடுத்துக்கட்டும். துட்ட மூணா பிரிச்சிக்கலாம்."

சித்தப்பா இருபது வருஷமாக ஏலச்சீட்டு நடத்தியவர். சீட்டில் ஏலம் கீழ் நோக்கிப் போகும். அவசரக்காரன்தான் அதிகம் தள்ளி எடுப்பான். பொருள் ஏலம் மேல் நோக்கிப் போகும். இதில் ஆசைக்காரன் தள்ளாடுவான். சித்தப்பாவுக்கு இரண்டும் அத்துபடி. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் லட்சுமி. எல்லோருக்கும் கோடிக் கனவு இருந்தது. ஆனால் சட்டைப் பையில் இருந்தது நூறு ரூபாய் நோட்டு. அதிலும் கண்ணாடிக்கு உள்ளே இருப்பது துணியில் தீட்டிய ஓவியம் இல்லை, காகிதம் என்று அண்ணன் காலையிலேயே நகத்தால் சுரண்டிக் கண்டுபிடித்திருந்தான். யாரும் வாய் திறக்கவில்லை.

"ஐந்நூறு" என்று பின்னாலிருந்து குரல். அத்தை!

முந்தானையில் முடிச்சு. முதியோர் பென்ஷன் பணம் என்று அந்த முடிச்சைப் பார்த்தாலே தெரியும். அந்த லட்சுமிக்கு தினம் விளக்கேற்றியது அவள்தான். படத்தில் லட்சுமியின் புடவையில் ஜரிகைக் கரையும், மாலையில் சமிக்கியும் ஒட்டியிருக்கும். அது அத்தை பதினைந்து வயசில் செய்தது. தறிக்கு வந்த ஜரிகையில் மிச்சத்தைத் தாத்தா கொடுத்தாராம்.

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 'எழுநூறு' என்றேன். இன்றைக்கும் அது ஏன் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை... பொய், தெரியும். பதினாறு கோடி!

அத்தை ஆயிரம் என்றாள். அண்ணன் ஆயிரத்து ஐந்நூறு. அத்தை முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டாயிரம் என்றாள். நான் இரண்டாயிரத்து நானூறு. அத்தை எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" உலக்கை விழுந்தது.

சரஸ்வதி 600-க்கு அண்ணனுக்கு. கறுப்பு வெள்ளையில் ஒரு கோபுரப் படம் 300-க்கு எனக்கு. மீதி ஐந்தையும் சேர்த்து 600-க்குச் சித்தப்பாவே எடுத்துக்கொண்டார். ஆக மொத்தம் 3,900. பங்குக்கு 1,300. கணக்கு சுத்தம்.

மறு வாரம் இரண்டு படத்தையும் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் திருத்தணி, அங்கிருந்து ரயிலில் சென்னை. பழைய படங்கள் வாங்கி விற்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தேன். எழுபது வயசு இருக்கும். கோபுரப் படத்தை முதலில் எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்தார்.

"இது எட்சிங் இல்லீங்களா?" என்றேன். ரயிலில் வரும்போது செல்போனில் படித்த ஞானம்!

"வாங்க, நீங்களே பாருங்க" என்றார்.

எட்சிங் என்றால் இதுதான் சங்கதி. செம்புத் தகட்டின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு. அதில் ஊசியால் கீறிப் படம் போடவேண்டும். தகட்டை அமிலத்தில் முக்கினால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்து, ஈரக் காகிதம் வைத்து, உருளையில் கொடுத்து அழுத்தினால் படம். அப்படி அழுத்தும்போது தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்து சுற்றிலும் ஒரு சின்னப் பள்ளம் விழும். விரலால் தடவினால் தெரியும். அடியில் பென்சிலால் 7/25 என்பது மாதிரி எழுதியிருந்தால், மொத்தம் அச்சிட்ட இருபத்தைந்தில் இது ஏழாவது என்று பொருள். கோடி கொடுத்து ஓவியம் வாங்க முடியாதவர்கள் பெரிய ஓவியர்களின் கைவேலையை ஆயிரங்களில் வாங்க இதுதான் வழி.

இதிலேயே இன்னொரு வகை, பிசின் தூளைத் தூவிச் சுடவைத்து, நிழலும் மேகமும் கொண்டுவருவது. அக்வாடின்ட் என்பார்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற சித்தப்பனும் அண்ணன் மகனும் 1792-ல் தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் சுற்றி, ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 படங்கள் போட்டார்கள். வழிச் செலவுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்கத்தாவிலும் நம்ம மெட்ராஸிலும் தங்கள் ஓவியங்களைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு நடத்தினார்கள்! எங்கள் சித்தப்பாவுக்கு முன்னோடி.

பூதக்கண்ணாடி வழியாக நான் பார்த்தபோது கோபுரம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி.

"புள்ளி தெரிஞ்சா மிஷின் அச்சு. ஓரத்துல பள்ளமும் இல்ல. பழைய காலண்டர்ல வெட்டினது" என்றார் பெரியவர். 300 ரூபாய் காலி.

அடுத்து லட்சுமி. போர்வையைப் பிரித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இதில் புள்ளி இப்படி வரிசையாக இல்லை, மண் தூவின மாதிரி இருந்தது. கல்லச்சு. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஆரம்பித்த அச்சகம், ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வரவழைத்து நடத்தியது. நிறத்துக்கு ஒரு கல். ஒரு படத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட கல்கூடத் தேவைப்படும். ஒரு கல் ஒரு மயிரிழை நகர்ந்தால் லட்சுமிக்கு உதடு கன்னத்துக்குப் போய்விடும்! பிளேக் பயத்தில் அச்சகம் லோனாவ்லா பக்கம் போனது. கடன் கழுத்தை நெரிக்க, ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடமே விற்றுவிட்டார்கள். 1972-ல் அச்சகம் தீயில் போனது. ராஜாக்கள் மட்டும் பார்த்த சாமியை நெசவாளி வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்த மனுஷர், அந்த வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டார்.

"அசல் பிரஸ் படம்தான். ஆனா ஓரத்தை வெட்டி பிரேம் போட்டுட்டாங்க. அடியில இருக்கிற பிரஸ் பேரு போச்சு. ஈரம் வேற ஏறியிருக்கு." பெரியவர் படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "இந்த ஜரிகை வேலை யாரு?"

"எங்க அத்தை."

"அஞ்சாயிரம் தரேன். வெறும் படமா இருந்தா இவ்ளோ தரமாட்டேன். இந்த மாதிரி வேலைப்பாட்டோட தேடறவங்க இருக்காங்க. யார் பண்ணது, எந்த ஊரு, எந்த வருஷம்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. படத்துக்கும் ஜாதகம் வேணும் தம்பி."

ஜாதகம்! பெரிய ஏலங்களிலும் அதுதான் பேச்சு. ஹுசேனின் 'கிராம யாத்திரை' என்று பதின்மூன்று கட்டங்கள் கொண்ட நீள ஓவியம். 1954-ல் டெல்லியில் அதை ஒரு டாக்டர் வாங்கி நார்வேக்குக் கொண்டுபோனார். பிறகு ஆஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்தார். அங்கே சுவரில் பல வருஷம் சும்மா தொங்கியது. 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறக்குறைய 118 கோடி ரூபாய்! அதே ஜூனில் மும்பையில் அதே ஹுசேனின் 25 ஓவியங்கள், ஒரு தொழிலதிபரின் கடன் வழக்கில் கோர்ட் அனுமதியோடு ஏலத்துக்கு வந்து, இருபத்தைந்தும் சுமார் 68 கோடிக்குப் போயின. டாக்டர் வாங்கியதும் ஏலம்தான் போனது, கடன்காரர் வாங்கியதும் ஏலம்தான் போனது. பட்டியலில் 'முன்னாள் உரிமையாளர்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். தினம் அதைத் துடைத்தது யார் என்பதற்குப் பட்டியலில் இடம் கிடையாது.

பெரியவர் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். அத்தை பெயரை எழுதினேன். ஊர் எழுதினேன். வருஷம் என்று வந்தபோது எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கு இப்போது என்ன வயசு என்பதே தெரியவில்லை.

"கேட்டுனு வந்துடறேன்" என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பின்கட்டில் அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். படத்தைத் திண்ணையில் சாய்த்தேன்.

"இன்னாடா, போணியாவலியா?"

"அஞ்சாயிரம்னாரு அத்தே."

"குட்த்துட்டு வரவேண்டியதுதானே பைத்தியமே! ஈரம் ஏறின காயிதத்துக்கு அஞ்சாயிரமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையாலேயே முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். கூடத்துச் சுவர் இப்போது அண்ணனுடையது. அதனால் பின்கட்டில் ஒரு ஆணி அடித்தேன்.

மாட்டி முடித்ததும் அத்தை கணக்குப் போட்டாள். "நீ போட்டது ரெண்டாயிரத்து நானூறு. அதுல எம் பங்கு எண்ணூறு எங்கிட்டதான் கீது. இந்தா. மிச்சம் ஆயிரத்து அறுநூறு. மாசம் எரநூறு தரேன். சீட்டு மாதிரி நெனைச்சிக்கோ."

வேண்டாம் என்றால் லட்சுமியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவாள் என்று தெரியும். எட்டு மாசம், முதல் தேதி தவறாமல் போய் வாங்கிக்கொண்டேன்.