நாலு மணிப் பசிக்கு என்ன சாப்பிடலாம்?

மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலம் போனதும் வயிறு மறுபடி கேட்கத் தொடங்கும். அந்த நேரம் கையில் அகப்படுவது பெரும்பாலும் கிறீம் பிஸ்கட், றோல்ஸ் அல்லது வாய்ப்பன். கூடவே சீனி போட்ட தேநீர். எங்கள் வீட்டில் இருவருக்கு நீரிழிவு இருப்பதால் இதைச் சிறிய விடயமாக என்னால் எடுக்க முடிவதில்லை.

சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளாந்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 சதவீதமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த 5 சதவீதம் ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. இரண்டு கரண்டி வீதம் மூன்று தேநீர் குடிப்பவருக்கு பிஸ்கட்டைத் தொடுவதற்கு முன்னரே கணக்கு முடிந்துவிடுகிறது. கோதுமை மாவும் சீனியும் விரைவில் சமித்துவிடுவதால் ஆறு மணிக்குத் திரும்பவும் பசிக்கும்.

பொதி வாங்கினால் அதிலுள்ள நிறக்குறியைப் பாருங்கள். இலங்கையில் 2016இல் பானங்களின் சீனிக்கு வந்த இந்த முறை, பின்னர் திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்புக்கும் விரிவாக்கப்பட்டது. 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. முன்பக்கப் பழப்படத்தை விட இந்தச் சிறிய வட்டம்தான் உண்மை சொல்லும்.

எனது முதல் தெரிவு அவித்த கௌப்பி. காலையில் ஊறப்போட்டால் மாலையில் அவித்து, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் வெங்காயமும் சேர்த்துவிடலாம். பயறும் கடலையும் அப்படித்தான். புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் இரவுச் சாப்பாடு வரை வயிறு தாங்கும்.

அடுத்தது கச்சான். ஒரு கைப்பிடியில், அதாவது 30 கிராமில், சுமார் 7 கிராம் புரதம் உண்டு. ஆனால் சக்தியும் 170 கலோரி வரும். கதை பேசியபடி ஒரு பை முழுவதையும் முடித்தால் அது சிற்றுண்டியல்ல, இன்னொரு சாப்பாடு! பூஞ்சணம் பிடித்த, கசக்கும் பருப்பை எறிந்துவிடுங்கள். அதிலுள்ள அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்கக்கூடாது, புரையேறும்.

தை, மாசியில் பனங்கிழங்கு வரும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், மாதக்கணக்கில் இருக்கும். தேங்காய்ச் சொட்டோடு கடித்துப் பாருங்கள். அவசரமாக விழுங்கவே முடியாது. நார்ச்சத்து ஒருபுறமிருக்க, அந்தக் கடினமே நம்மை அளவோடு நிறுத்திவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். 'இயற்கை' என்றவுடன் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நினைக்கிறோம். எள்ளுருண்டையில் எள்ளு நல்லதுதான். ஆனால் அதைப் பிடித்துவைப்பது சர்க்கரை. பனங்கட்டியும் தேனும் இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றவே செய்யும். கொய்யாப்பழத்தை முழுதாகக் கடித்துச் சாப்பிடுவதும், பழத்தைப் பிழிந்து வடித்துச் சீனி போட்டுக் குடிப்பதும் ஒன்றல்ல. வடித்ததில் நார் போய்விடுகிறது.

இன்சுலின் போடுபவர்களும் சிலவகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் இடைநேர உணவைத் திடீரென நிறுத்தினால் குளுக்கோஸ் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சிறுநீரக நோயாளருக்கு வாழைப்பழம், பருப்பு வகைகள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கலாம். இவர்கள் எதையும் மாற்றுவதற்கு முன் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.