பிளாக் ஒன்று, பெயர் நாலு

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மோட்டார் கொட்டகையில் அப்பா காலத்துக் கார் இன்ஜின் ஒன்று கிடக்கிறது. ஸ்டாண்டர்டு என்று எழுதியிருக்கிறது. மெக்கானிக் வேன்கார்டு என்கிறார். லேத் பட்டறைக்காரர் ஸ்டாண்டர்டு 2000 என்கிறார். சேலத்திலிருந்து வந்த புரோக்கர், இது இங்கிலாந்து டிரயம்ப் ஸ்போர்ட்ஸ் காருடையது, லட்சக்கணக்கில் போகும் என்கிறார். யார் சொல்வதை நம்ப?"

மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நாலாவதாக ஒருவர் வந்து ஃபெர்குசன் டிராக்டர் இன்ஜின் என்றாலும் சட்டென்று மறுத்துவிட முடியாது. லட்சத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவ்வளவு போகும் என்று அடித்துச் சொன்னவர், அந்த விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை.

முதலில் இது ஹெரால்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்டாண்டர்டு என்றதும் நம்மில் பலருக்கு அந்தக் கார்தான் நினைவுக்கு வரும். அதன் 948 சிசி இன்ஜின் சின்னது. போர், அதாவது சிலிண்டர் ஓட்டையின் விட்டம், 63 மில்லிமீட்டர்தான், அதுவும் பிளாக்கிலேயே குடைந்தது. உங்களுடையதில் போர் 80 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் தனிக் குழாய் செருகியிருந்தால் சங்கதி வேறு.

கொஞ்சம் வரலாறு, தவிர்க்க முடியாததால். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி ஒரு நாலு சிலிண்டர் இன்ஜினைச் செய்தது. அதை வேன்கார்டு காரிலும் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரிலும் வைத்தது. 1953இல் டிரயம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்தது. சென்னையில் 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வேன்கார்டை இங்கே பூட்டி விற்றது. அதே கம்பெனி 1985இல் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பை எடுத்து ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர் சூட்டியது. ஆடம்பரக் கார் என்று ஊரெல்லாம் பேச்சு. பானட்டைத் திறந்தால் உள்ளே நாற்பது வயதை நெருங்கிய இதே இன்ஜின். சில வருடங்களில் அந்தக் காரின் கதை முடிந்தது.

இந்த இன்ஜினில் ரசிக்க வேண்டிய விஷயம் வெட் லைனர். சாதாரண பிளாக்கில் சிலிண்டர் சுவர் பிளாக்கோடு சேர்த்தே வார்த்தது. தேய்ந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இங்கே சுவரே தனி உருப்படி. நாலு இரும்புக் குழாய்கள் பிளாக்குக்குள் நிற்க, அவற்றின் வெளிப்புறத்தை ரேடியேட்டர் தண்ணீர் நேராகத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. சூடான பாலை ஆற்ற, தண்ணீர் ஊற்றிய குண்டானில் டம்ளரை வைக்கிறோமே, அந்த ஏற்பாடுதான். குண்டானை மாற்ற வேண்டியதில்லை, டம்ளரை மாற்றினால் போதும், கொள்ளளவு மாறிவிடும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், எல்லாவற்றுக்கும் 92 மி.மீ. 80 மி.மீ. டம்ளர் என்றால் 1850 சிசி: ஆரம்பகால ஃபெர்குசன். 85 என்றால் 2088: வேன்கார்டு. டிஆர்2 இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் அடங்க வேண்டுமே என்று 83ஆக ஒடுக்கினார்கள்: 1991 சிசி. பிறகு டிஆர்4க்கு 86: 2138. சென்னை ஸ்டாண்டர்டு 2000க்கும் 1991தான். பந்தய விதிக்காக ஒடுக்கிய டம்ளர், பந்தயத்தின் பக்கமே போகாத கனத்த காரில் வந்து உட்கார்ந்தது.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். இந்த டம்ளருக்கு அடி கிடையாது, குண்டானின் அடியிலும் ஓட்டை, அதற்குக் கீழே ஆயில். டம்ளர் உட்காரும் இடத்தில், இரண்டுக்கு ஒன்றாக எட்டு வடிவக் கேஸ்கட். மேலே லைனர் பிளாக்கின் மட்டத்தைவிட 0.08 முதல் 0.14 மி.மீ. வரை துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். மூடியை, அதாவது ஹெட்டை, இறுக்கும்போது இந்தத் தலைமுடிக் கனம்தான் நாலு டம்ளரையும் கேஸ்கட்டின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. அது குறைந்தால் குண்டான் தண்ணீர் ஆயிலில் இறங்கி, ஆயிலே பாலாகிவிடும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கிராங்கைச் சுற்றினாலோ, பிஸ்டன் டம்ளரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். ஹெட் ஸ்டட்டில் வாஷரும் நட்டும் போட்டு லைனர்களை அமுக்கிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை.

ஆக, போர் கேஜ் வைத்து 83 என்று அளந்து காட்டினால் இப்போது உள்ளே எந்த லைனர் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். பிளாக் எந்த வண்டியோடு பிறந்தது என்பதற்குப் பக்கவாட்டில் அடித்த எண்ணைப் பார்க்க வேண்டும். டிஆர்2, டிஆர்3 என்றால் எண் டிஎஸ் (TS) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு அந்த இடத்தைக் கழுவுங்கள். கிரைண்டர் பிடித்தால் எண்ணும் போய்விடும். டிராக்டரைச் சம்ப், அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டி, காட்டிக்கொடுக்கும். டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது, இன்ஜினே பாரம் தாங்குகிறது; அதனால் அதன் சம்ப் கனத்த வார்ப்பு. காருடையது பொதுவாகத் தகடு.

விலைக்கு வருவோம். டிஎஸ் எழுத்துகள் இல்லையென்றால் டிஆர்2, டிஆர்3 விலையை மறந்துவிடலாம். அவை இருந்தாலும், ஆர்சி புத்தகத்தில் அதே எண்ணோடு ஒரு வண்டி எங்காவது இருந்தால்தான் அதன் உரிமையாளர் கூடுதலாகக் கொடுப்பார். விண்டேஜ் என்று சொல்லி விலை ஏற்றவும் வழியில்லை: 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதி, 50 வயது கடந்த, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு மட்டும். 1985 மாடல் ஸ்டாண்டர்டு 2000க்கு 2035க்கு முன் அந்த வாசல் திறக்காது. பில்லோ ஆர்சியோ இல்லாத தனி இன்ஜின் உதிரிபாகமாகத்தான் போகும்: கிராங்க், ஹெட், கேம், மிச்சம் பழைய இரும்பு.

வாங்க வருகிறவர் எதிரில் ஸ்டார்ட் செய்து காட்டும் ஆசை வேண்டாம். ஹெட்டை மாட்டியபடியே பிளக்குகளைக் கழற்றி, ஓட்டையில் ஆயில் விட்டுச் சில நாள் ஊறவைத்து, ஸ்பேனரால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றினாலே பேரத்தில் உங்கள் கை மேலே. அடுத்து பிளாக்கின் டிரெயின் திருகைக் கழற்றிக் கம்பி விட்டுப் பாருங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் பல வருடம் ஓடியிருந்தால் லைனர்களின் அடியில் சுண்ணாம்பும் துருவும் கெட்டியாக அடைத்திருக்கும். கம்பி இறங்கவில்லையா, லைனர் நாலையும் உருவிப் பார்க்காமல் யாரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள். உருவும்போது பிளாக் விரிசல் விட்டால் அந்தச் செலவு யாருடையது என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள்.