காம்பின் அடி எங்கே?

“கர்ப்பப்பை வாயில் சின்னதாக சதை வளர்ந்திருக்கிறதும்மா” என்று டாக்டர் சொன்னால், வீடு திரும்பும் வழியெல்லாம் புற்றுநோய் பயம்தான். பாலிப் எனப்படும் இந்தச் சதைகளில் 100-க்கு 98-க்கும் மேல் சாதுவானவை. நாற்பது, ஐம்பது வயதுகளில், பிள்ளை பெற்றவர்களுக்கு அதிகம் வரும். நாட்பட்ட அழற்சியும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் காரணமாக இருக்கலாம்.

பார்ப்பதற்குக் காம்போடு தொங்கும் கோவைப்பழம் போலிருக்கும். அளவு பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள். மேல்தோல் மெல்லியது, உள்ளே ரத்த நாளங்கள் ஏராளம். அதனால்தான் லேசாகப் பட்டாலே கசியும். உடலுறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே கறை, விடாத வெள்ளைப்படுதல் ஆகியவை அறிகுறிகள். பலருக்கு எதுவுமே இருக்காது; வேறு எதற்கோ ஸ்பெக்குலம் என்ற விரிப்பான் கருவி வைத்துப் பார்க்கும்போது கண்ணில் படும்.

எடுப்பது எளிது. வளைய முனை கொண்ட இடுக்கியால் பிடித்து மெல்லத் திருகினால் காம்போடு வந்துவிடும். அடியில் ரத்தம் கசிந்தால் சில்வர் நைட்ரேட்டோ மின்சூடோ வைப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம்.

கவனம் தேவைப்படுவது திருகுவதற்கு முன்புதான். காம்பின் அடி எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரிவது நுனி மட்டுமாக இருக்கலாம். கர்ப்பப்பைக்குள் முளைத்த பாலிப்பும், காம்புள்ள நார்த்திசுக் கட்டியும் இதே வாய்வழியே எட்டிப் பார்க்கும். கட்டியின் தடித்த காம்பைத் திருகினால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். அடி தெரியவில்லை என்றால் ஹிஸ்டரோஸ்கோப்பியில், அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டு, பார்த்துவிட்டுக் கைவைப்பதே முறை.

இன்னொரு பொறி, ‘ரத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது’ என்ற நிம்மதி. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்ட பெண்ணுக்கு பாலிப் இருந்தாலும், பழியை அதன் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அங்கிருந்தும் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்த பாலிப்பும் பயாப்ஸிக்குப் போக வேண்டும். ‘சாதாரண சதைதானே’ என்று குப்பையில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த மிச்ச ஒன்றிரண்டு சதவீதத்தை மைக்ராஸ்கோப்தான் காட்டிக்கொடுக்கும். பாலிப்பை எடுத்தாயிற்று என்பதற்காக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியரோ எச்பிவி சோதனையோ வேண்டாம் என்றாகிவிடாது.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. தொந்தரவு தராத பாலிப்பை அப்போது பெரும்பாலும் தொடுவதில்லை. பிரசவம் முடிந்து மறுபரிசோதனைக்கு வரும்போது பார்த்துக்கொள்வார்கள்.