கடற்சிலந்தி: பெயரும் பொருளும்

ரிங்லெட்டின் தேயிலைச் சரிவுகளில் விடியற்காலை நடப்போர், செடிகளின்மேல் பனித்துளி கோத்த சிலந்தி வலைகளைக் கண்டிருப்பர். அம்மலையில் வளரும் மாணவரிடம் ‘கடற்சிலந்தி’ என்றால், கடலடியில் வலை பின்னும் உயிரையே அவர் எண்ணுவார். அது மாணவரின் பிழையன்று. பெயரை விளக்காது விட்ட நம் பிழை.

கடற்சிலந்தி என்னும் தொடர், ‘கடலில் வாழும் சிலந்தி’ என ஏழாம் வேற்றுமைத் தொகையாய் விரியும். கடற்குதிரையும் அவ்வாறே விரியும். ஆயினும் அது மீனினம். அங்கே ‘குதிரை’ என்பது உவமையாகுபெயர். அவ்வாறாயின் இங்கே ‘சிலந்தி’ எத்தகையது? இலக்கணம் மட்டும் இதற்கு விடை தராது. உயிரையே நோக்குதல் வேண்டும்.

உலகக் கடல்களில் 1,300க்கும் மேற்பட்ட கடற்சிலந்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. தென் ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, நியூசிலாந்து ஆகிய மிதவெப்பக் கரைகளின் குளிர்ந்த பாறைத்திட்டுகளிலும் இவை வாழ்கின்றன. வலை பின்னுவதில்லை. குழல் போன்ற உறிஞ்சியால் கடற்சாமந்தி முதலியவற்றின் உடற்சாற்றை உறிஞ்சுகின்றன. கடற்சாமந்தியும் பூவன்று, விலங்கே.

இவற்றின் உடல் மெல்லிய தண்டளவே. குடலின் கிளைகள் கால்களுக்குள் நீள்கின்றன. பெண்ணின் முட்டைகளும் கால்களிலேயே வளர்கின்றன. நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை. உயிர்வளி புறத்தோல் வழியே உட்புகும். அதனை உடலெங்கும் பரப்பக் குடலின் அசைவு துணைசெய்கிறது என 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரும்பாலான இனங்களில் முட்டைத்திரளைச் சுமப்பது ஆணே. கடற்குதிரையிலும் தந்தையே கருச்சுமக்கும்.

அறிவியலார் இட்ட பெயர்கள் கால்களையே நோக்கின. ‘பிக்னோகோனிடா’ என்பது கிரேக்கத்தில் நெருங்கிய முழங்கால்களைச் சுட்டும். ‘பாண்டோபோடா’ என்பது ‘முற்றும் கால்’ எனப் பொருள்படும்.

எனினும் ‘சிலந்தி’ என்பது வெற்று உவமையும் அன்று. சிலந்தி, தேள், குதிரைலாட நண்டு ஆகியவை அடங்கிய கெலிசெரேட்டா பிரிவில், மிகத் தொன்மையில் பிரிந்த தனிக்கிளை இது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. கடற்குதிரைக்குக் குதிரை உறவன்று. கடற்சிலந்திக்குச் சிலந்தி தூரத்து உறவு. பெரும்பாலானவற்றுக்குக் கால்கள் எட்டே. சிலவற்றுக்குப் பத்தோ பன்னிரண்டோ உண்டு.

ஆதலின் பெயரை மாற்றவேண்டா, விரித்துரைத்தால் போதும். மலாயிலும் கடற்குதிரைக்குக் ‘கூடா லாவுட்’ என்பதே பெயர். கூடா குதிரை, லாவுட் கடல். தமிழ்ப்பள்ளியில் ஒரு பெயரின் பொருளையும் எல்லையையும் உணர்ந்த மாணவர், இடைநிலைப்பள்ளியில் அதனை வேறு மொழியில் சந்திக்கும்போது மயங்கமாட்டார். அந்தத் தெளிவைத் தருதல் தமிழாசிரியரின் கடமை; அறிவியலாசிரியரின் கடமையும் அதுவே.