தலைமுடியும் சீட்டுப் பணமும்

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் ஓர் இல்லத்தின் திண்ணையில் அண்மையில் நாம் அமர்ந்திருந்தபோது, அவ்வீட்டுத் தாய் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். "சாமி, பையனுக்கு இருபத்தெட்டு வயசுதான் ஆவுது. ரெண்டு பொண்ணு வீட்ல வேணாம்னுட்டாங்க. ஸ்டெம் செல் ஊசி போட்டா முடி வளந்துடுமாம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டலாமா?" என்றார். மகன் தறியிலிருந்து தலை தூக்கவில்லை.

இதை நகைத்துத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. வழுக்கை உயிரைக் கொல்லாது. ஓர் இளைஞனின் தலையைக் கவிழ்க்க அது போதும்.

ஸ்டெம் செல் என்பது மூல உயிரணு. மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் அது உண்டு. மயிர்க்காலின் அடியிலுள்ள வேறோர் அணுக்கூட்டம் குறிப்புக் கொடுத்தால்தான் அது விழித்து முடியை உண்டாக்கும். வழுக்கைத் தலையிலும் மூல உயிரணுக்கள் மடிவதில்லை என 2011இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். எனவே குறிப்புத் தரும் அணுக்களை ஆய்வகத்தில் உண்டாக்க முயல்கின்றனர்.

2015இல் கலிபோர்னியாவின் சான்ஃபோர்ட் பர்ன்ஹாம் ஆய்வகத்தார், மனிதக் கருவிலிருந்து பெற்ற மூல உயிரணுவை அவ்வாறு மாற்றி, எலியின் தோலில் முடி வளர்த்தனர். கருவை அழித்துப் பெறும் அணுவைத் திருச்சபை ஏற்பதில்லை. 2019இலோ அவர்களே மனித இரத்தத்திலிருந்து ஆக்கிய அணுக்களைக் கொண்டு அதைச் செய்தனர். முதிர்ந்த அணுவை மூல நிலைக்குத் திருப்பும் இவ்வழியை 2006இல் காட்டிய ஜப்பானியர் யாமனாக்கா, 2012இல் நோபல் பரிசு பெற்றார். முடி ஒரே திசையில் வளர, தானே கரையும் தையல் நூலின் பொருளால் நுண்ணிய சட்டமும் அமைத்தனர். இழை பிசகினால் என்ன ஆகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் முடி வளர்ந்தது எலிக்கு, மனிதருக்கன்று.

மாற்றிய மூல உயிரணு என்பதே பொய் என்றும் எண்ணவேண்டா. ஆரணிக்கு அருகே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளர் ஐவரின் மூல உயிரணுக்களில் தேவையான மரபணுவைச் சேர்த்து மீண்டும் செலுத்தினர். அவர்களுக்கு இரத்தக்கசிவு நின்றது. 2024இல் அதை வெளியிட்டனர். அதற்குமுன் அவர்கள் கடும் மருந்துகளைத் தாங்க வேண்டியிருந்தது. அது முறையான ஒப்புதலுடன் நடந்த ஆய்வு. இரத்தம் சார்ந்த சில நோய்கள் நீங்கலாக, ஆய்வுக்கு வெளியே மூல உயிரணுச் சிகிச்சை கூடாதென 2017ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறைகள் கூறுகின்றன. ஆய்வில் சேர்பவரிடம் அதற்கெனக் கட்டணமும் வாங்கலாகாது. விளம்பரத் தாளிலோ கட்டணம்தான் பெரிய எழுத்தில் இருந்தது!

தாய் சீட்டை எடுக்கவில்லை. தோல் மருத்துவர் மினாக்ஸிடில் என்னும் பூச்சு மருந்தை எழுதித் தந்து, பூசும் வரையில்தான் பலன் என்றும் சொல்லி அனுப்பினாராம். பெண் பார்க்கும் படலம் இன்னும் நடக்கிறது.